சமன்புள்ளி என்னும் மயக்கம்: எடையின்மை பற்றிய ஒரு நீண்ட பிழையின் வரலாறு

2024 ஜனவரி 6 அன்று, ஆதித்யா-எல்1 விண்கலம் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியைச் சுற்றும் பாதையில் நிலைநிறுத்தப்பட்டது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து வழிநடத்திய பணி அது. அந்த நாள்களில் இந்திய மொழிகளில் வெளியான செய்திகள் பலவற்றில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப இடம்பெற்றது. சூரியனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் இடமே எல்1. இரு புறமும் சமமாக இழுக்கப்படுவதால் விண்கலம் அங்கே அப்படியே நின்றுவிடும் என்பதே அவ்விளக்கம்.

கேட்பதற்கு ஏற்புடையதாகத் தோன்றும் இவ்விளக்கம் ஓர் எளிய கணக்கில் உடைந்துபோகிறது. சூரியனின் நிறை பூமியின் நிறையைப்போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. ஈர்ப்பு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இரண்டின் இழுவையும் சமமாகும் இடம் பூமியிலிருந்து வெறும் 2.6 லட்சம் கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. சந்திரனோ சராசரியாக 3.84 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆக அந்தச் சமன்புள்ளி சந்திரனின் பாதைக்கும் உள்ளேயே அமைகிறது. 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியில் சூரியனின் இழுவை பூமியின் இழுவையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல். அங்கே எதுவும் எதையும் சமன்செய்யவில்லை.

இப்பிழைக்கு அன்றைய செய்தியாளர்களை மட்டும் குறைகூற இயலாது. இரண்டு வானப்பொருள்களுக்கு நடுவே ஈர்ப்பு அற்றுப்போகும் ஓர் இடம் உண்டு, அங்கேதான் மனிதர் எடையிழப்பர் என்ற எண்ணத்திற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு வயது. அறிவியலின் முன்னணிப் பெயர்களும் அந்த வரலாற்றில் இடம்பெறுகின்றன.

வரலாற்றைத் தொடங்குவதற்கு முன், அதனினும் பழைய ஒரு கேள்வியை நினைவுகூர வேண்டும். கி.பி. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய சித்தாந்த சிரோமணியின் கோளாத்தியாயம், பூமியைத் தாங்குவது எது என்ற வினாவை எடுத்துக்கொள்கிறது. தாங்குவதற்கு ஒரு பொருள் வேண்டுமெனில் அதைத் தாங்க மற்றொன்று வேண்டும், அவ்வரிசைக்கு முடிவிராது. பூமிக்கு ஈர்க்கும் ஆற்றல் உண்டு, வெளியிலுள்ள கனமான பொருளை அது தன்பால் இழுக்கிறது, அதுவே விழுவதாகத் தோன்றுகிறது என்கிறார் பாஸ்கரர். எல்லாத் திசையிலும் ஒன்றுபோலிருக்கும் வெளியில் பூமி எங்கே விழும் என்றும் வினவுகிறார். இதில் நியூட்டனின் விதியைத் தேடுவது பொருந்தாது. தொலைவுக்கேற்ப ஈர்ப்பு குறையும் அளவோ, சந்திரனின் இயக்கத்திற்கான விளக்கமோ இதில் இல்லை. எனினும், ‘விழுதல்’ என்பது தானே விளங்கும் சொல்லன்று, அதற்கு விளக்கம் தேவை என்பதை இப்பகுதி உணர்ந்திருக்கிறது. பின்வரும் வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

நடுவழிச் சமன்புள்ளி என்னும் எண்ணத்தைத் தெளிவாக முன்வைத்தவர்களுள் முதன்மையானவர் யோகான்னசு கெப்ளர். 1609இல் வெளியான ‘புதிய வானியல்’ நூலின் முன்னுரையில், கனம் என்பது ஒத்த இயல்புடைய பொருள்கள் ஒன்றையொன்று நோக்கிச் சேர விழையும் தன்மை என்று வரையறுத்தார். பூமியையும் சந்திரனையும் தத்தம் பாதையில் நிறுத்தும் ஆற்றல் இல்லாது போனால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிச் சேர்ந்துவிடும் என்றும் எழுதினார். அவர் 1630இல் மறைந்தபின், 1634இல் அச்சான ‘கனவு’ என்னும் நூல் சந்திரனுக்குச் செல்லும் கற்பனைப் பயணமொன்றைக் கூறுகிறது. பயணத்தின் ஒரு கட்டத்தில் பூமியின் இழுவையும் சந்திரனின் இழுவையும் எதிரெதிராக அமைந்து, எதுவுமே இழுக்காததுபோன்ற நிலை உடலுக்கு வாய்க்கும் என்பது அந்நூற்குறிப்புகளில் காணப்படும் கருத்து. ஈர்ப்பைக் காந்த ஆற்றலுக்கு ஒப்பாக எண்ணிய காலத்தில் இது துணிச்சலான சிந்தனை. ஆயினும் பிழையின் விதையும் இங்கேயே விழுந்தது. இழுவை சமனாகும்போதுதான் உடல் இலேசாகும் என்பது அதன் உட்கிடை.

இந்த எண்ணத்தை உடைக்கத் தேவையான அனைத்தும் 1687இல் வெளியான நியூட்டனின் ‘பிரின்சிபியா’வில் உண்டு. சந்திரன் பூமியின் ஆரத்தைப்போல் அறுபது மடங்கு தொலைவில் இருக்கிறது. எனவே அங்கே ஈர்ப்பு 3,600இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பூமியின் தரையருகே ஒரு பொருள் ஒரு விநாடியில் விழும் ஏறத்தாழ 4.9 மீட்டரை, சந்திரன் ஒரு நிமிடத்தில் ‘விழுகிறது’. தன் பாதையின் தொடுகோட்டிலிருந்து பூமியை நோக்கி அது விலகும் அளவு அதுவே. கணக்கு பொருந்தியது. சந்திரன் விழாமல் இருப்பதாக எண்ணியதே தவறு; அது ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது, பக்கவாட்டு வேகத்தால் தரையைத் தவறவிட்டுக்கொண்டும் இருக்கிறது. நியூட்டன் மறைந்தபின் 1728இல் வெளியான ‘உலகின் அமைப்பு’ நூலில், உயர்ந்த மலையுச்சியிலிருந்து பீரங்கிக் குண்டை மேலும் மேலும் கூடிய வேகத்தில் எறியும் படம் இதையே விளக்குகிறது. போதிய வேகத்தில் எறியப்பட்ட குண்டு விழும், ஆனால் தரையை எட்டாது.

இதனினும் நுட்பமான கூற்றொன்று ‘பிரின்சிபியா’வின் தொடக்கத்திலேயே, இயக்க விதிகளின் ஆறாம் கிளைத்தேற்றமாக வருகிறது. ஒரு தொகுதியிலுள்ள பொருள்கள் அனைத்தும் ஒரே திசையில் ஒரே முடுக்கத்தோடு இழுக்கப்பட்டால், அவை தமக்குள் இயங்கும் விதம் அந்த இழுவையே இல்லாததுபோல் இருக்கும் என்பது அதன் சாரம். சூரியன் வியாழனையும் அதன் நிலவுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் முடுக்குவதால், அந்த நிலவுகள் சூரியன் இல்லாததுபோலவே வியாழனைச் சுற்ற முடிகிறது. எடையின்மையின் முழு இலக்கணமும் இந்த ஒரு கூற்றில் அடங்கியுள்ளது. ஒரு விண்கலமும் அதனுள் இருப்போரும் அவர்தம் கையிலிருக்கும் எழுதுகோலும் ஒரே முடுக்கத்தோடு விழுந்தால், எதுவும் எதன்மீதும் அழுத்தாது. இழுவை மிகுந்திருந்தாலும் சரி, குறைந்திருந்தாலும் சரி, நிலை அதுவே. எடையின்மைக்குத் தேவையானது தடையிலா வீழ்ச்சி மட்டுமே. சமன்புள்ளிக்கு அதில் வேலையில்லை.

ஆயினும் பொதுமக்கள் மனத்தில் நின்றது நியூட்டனின் கிளைத்தேற்றம் அன்று. ஜூல்ஸ் வெர்னின் புதினம். 1865இல் வெளியான ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ நூலிலும் 1870இல் நூல்வடிவம் பெற்ற அதன் தொடர்ச்சியான ‘சந்திரனைச் சுற்றி’யிலும், புளோரிடாவிலிருந்து பெரும் பீரங்கியால் சுடப்பட்ட குண்டினுள் மூவர் பயணம் செய்கின்றனர். வெர்ன் கணக்கில் கவனமானவர். பூமியின் நிறை சந்திரனின் நிறையைப்போல் ஏறத்தாழ 81 மடங்கு. 81இன் வர்க்கமூலம் 9. எனவே பயணத்தின் பத்தில் ஒன்பது பங்கு கடந்த இடத்தில், பூமியிலிருந்து சுமார் 3.46 லட்சம் கிலோமீட்டரில், இரண்டின் இழுவையும் சமமாகும். அந்த இடத்தை அணுகும்வரை வெர்னின் பயணிகள் தரையில் காலூன்றி நிற்கிறார்கள், அமர்ந்து உண்கிறார்கள். சமன்புள்ளியில் மட்டும் அவர்களும் அவர்தம் பொருள்களும் மிதக்கின்றன. அதைக் கடந்தபின் சந்திரன் பக்கமாக எடை திரும்புகிறது.

பீரங்கியின் வாயை விட்டு வெளியேறி, காற்று மண்டலத்தையும் கடந்த நொடியிலிருந்து அந்தக் குண்டின்மீது ஈர்ப்பைத் தவிர வேறு விசை எதுவும் இல்லை. மேல்நோக்கிச் சென்றாலும் இயற்பியலின் கணக்கில் அது தடையிலா வீழ்ச்சியே. ஆகவே பயணிகள் வழி நெடுகிலும் மிதந்திருக்க வேண்டும். வியப்பு என்னவெனில், வெர்னின் கதையே இதற்குச் சான்று தருகிறது. பயணத்தில் இறந்த சாட்டிலைட் என்னும் நாயின் உடலைப் பயணிகள் வெளியே எறிகின்றனர். அது பின்தங்கிவிடாமல் குண்டின் அருகிலேயே தொடர்ந்து வருகிறது. இதை வெர்ன் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் வெளியே இருக்கும் நாயும் குண்டும் இணையாக விழுமெனில், உள்ளே இருக்கும் மனிதனும் குண்டும் ஏன் இணையாக விழக்கூடாது என்ற வினா கதையில் எழவேயில்லை. கண்ணாடியின் ஒரு பக்கம் சரியான இயற்பியலும் மறுபக்கம் கெப்ளர் காலத்து எண்ணமும் நிற்கின்றன.

வெர்னுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கணிதம் வேறொரு திசையில் சென்றிருந்தது. ஒன்றையொன்று ஈர்க்கும் மூன்று பொருள்களின் இயக்கத்தை ஆராய்ந்த லெயோனார்டு ஆய்லர் 1760களில், மூன்றும் ஒரே கோட்டில் நின்றபடி சுழலும் தீர்வுகளைக் கண்டார். 1772இல் ஜோசப் லூயி லக்ராஞ்சு சமபக்க முக்கோண வடிவில் சுழலும் தீர்வுகளையும் சேர்த்தார். இன்று எல்1 முதல் எல்5 வரை வழங்கும் ஐந்து புள்ளிகள் இவையே. இவற்றில் எதுவும் ஈர்ப்பு அற்ற இடமன்று. ஈர்ப்புகளின் கூட்டு விளைவு, அப்புள்ளியிலுள்ள பொருளை மற்ற இரண்டோடும் ஒரே காலத்தில் சுற்றவைக்கப் போதிய அளவில் மிஞ்சும் இடங்களே அவை.

ஆதித்யா-எல்1இன் நிலையை இவ்வாறு விளக்கலாம். சூரியனுக்குப் பூமியைவிட அருகிலுள்ள பொருள், தனித்துவிடப்பட்டால், பூமியைவிட விரைவாகச் சூரியனைச் சுற்றி முன்னே சென்றுவிடும். எல்1இல் பூமியின் சிறு இழுவை சூரியனின் பெரு இழுவையிலிருந்து ஒரு பங்கைக் கழிக்கிறது. எஞ்சிய இழுவை, சரியாக ஓர் ஆண்டுக்கு ஒரு சுற்று வருவதற்குப் போதுமானதாகிறது. விண்கலம் அங்கே ‘நிற்க’வில்லை, பூமியோடு ஒரே கால அளவில் சூரியனை நோக்கி விழுந்துகொண்டே சுற்றிவருகிறது. அதோடு எல்1 புள்ளியையே ஏறத்தாழ 178 நாளுக்கு ஒருமுறை வலம்வருகிறது. அப்பாதை நிலையானதன்று என்பதால் அவ்வப்போது உந்துபொறிகளை இயக்கிச் சிறு திருத்தங்களும் செய்ய வேண்டியிருக்கிறது. ஈர்ப்பில்லாத இடத்தில் ஓய்ந்து நிற்கும் பொருளுக்குச் சுற்றுப்பாதை எதற்கு, எரிபொருள் எதற்கு என்று எந்த மாணவரும் கேட்கலாம். சமன்புள்ளி விளக்கத்தில் அக்கேள்விகளுக்கு விடையில்லை.

வெர்னின் சமன்புள்ளிக்கே திரும்பினாலும் நிலைமை அதுதான். பூமி–சந்திரன் இழுவைகள் சமமாகும் அந்த இடத்தில் ஒவ்வொன்றும் விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 0.0033 மீட்டர் முடுக்கத்தைத் தருகிறது. அதே இடத்தில் சூரியன் தரும் முடுக்கம் சுமார் 0.006 மீட்டர். பூமியும் சந்திரனும் கைகழுவிய இடத்திலும் சூரியனின் இழுவை குறையாமல் இருக்கிறது. சந்திரனைக்கூடப் பூமியைவிடச் சூரியனே இருமடங்குக்கும் மேலாக இழுக்கிறது. ஆயினும் சந்திரன் பூமியை விட்டு ஓடிவிடவில்லை. பூமி, சந்திரன் இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவில் சூரியனை நோக்கி விழுவதால், நியூட்டனின் ஆறாம் கிளைத்தேற்றம் அவற்றை ஒன்றாக வைத்திருக்கிறது. ‘ஏறத்தாழ’ என்ற சொல்லும் இங்கே முக்கியம். ஈர்ப்பு இடத்துக்கு இடம் சற்றே வேறுபடுவதால், வீழ்ச்சியினால் அழிக்க முடியாத ஒரு மிச்சம் எப்போதும் உண்டு. சந்திரனின் அந்த மிச்சத்தையே கடற்கரை மக்கள் நாள்தோறும் ஓதமாகக் காண்கிறார்கள்.

1907இல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஐன்ஸ்டைனுக்குத் தோன்றிய எண்ணம் இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம். தடையின்றி விழுகின்ற மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்பதே அது. நியூட்டனிடம் கிளைத்தேற்றமாக ஓரத்தில் நின்ற கருத்து, ஐன்ஸ்டைனிடம் 1915இல் நிறைவுற்ற பொதுச் சார்பியலின் அடித்தளமாயிற்று.

செயலளவிலான சான்று 1968 டிசம்பரில் கிடைத்தது. அப்பல்லோ 8இல் சென்ற மூவர் பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்த முதல் மனிதர்கள். பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தபோதே அவர்கள் மிதக்கத் தொடங்கிவிட்டனர். வெர்னின் சமன்புள்ளிக்காக மூன்று நாள் காத்திருக்க நேரவில்லை. மணிக்கு ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்ட கலம், பூமியின் இழுவையால் மெல்ல மெல்லத் தளர்ந்து, சந்திரனுக்கு ஏறத்தாழ 62,000 கிலோமீட்டர் தொலைவில் மணிக்கு 3,600 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியது. அவ்விடத்தில் கணக்கீட்டின் மையம் பூமியிலிருந்து சந்திரனுக்கு மாற்றப்பட்டது. தாளில் எண்கள் மாறின. கலத்திலிருந்தவர் எவரும் எதையும் உணரவில்லை. அப்பல்லோ 11 பயணத்தின்போதும் இவ்வாறு எண்கள் மாறியதைக் கண்ட செய்தியாளர்களுக்கு, கலம் குலுங்கவில்லை என்று விளங்கவைப்பது எவ்வளவு கடினமாயிற்று என்பதை மைக்கேல் காலின்ஸ் தம் தன்வரலாற்றில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். சந்திரனுக்கு மனிதர் சென்ற காலத்திலும் வெர்னின் எல்லைக்கோடு மக்கள் மனத்திலிருந்து அழியவில்லை.

ஏன் அழியவில்லை என்பதற்கு மொழி ஒரு விடை தருகிறது. ஐரோப்பியர் ஈர்ப்புக்கு இட்ட பெயர் ‘கனம்’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘கிராவித்தாசு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கனமும் ஈர்ப்பும் ஒரே சொல்லில் பிணைந்திருக்கும் மொழியில், கனம் அற்றுப்போனால் ஈர்ப்பும் அற்றுப்போயிற்று என்று எண்ணுவது இயல்பே. ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜீரோ கிராவிட்டி’ அப்பிணைப்பின் விளைவு. இந்தி முதலான மொழிகளில் வழங்கும் ‘குருத்வாகர்ஷண்’ என்ற சொல்லிலும் ‘குரு’ என்னும் கனம் முன்னே நிற்கிறது.

தமிழில் இரண்டும் வெவ்வேறு வேர்ச்சொற்கள். ‘ஈர்ப்பு’ இழுத்தலைக் குறிக்கும் ‘ஈர்’ என்பதிலிருந்து பிறந்தது. ‘எடை’ என்பதோ ‘எடு’ என்ற வினையடியாகப் பிறந்தது. தூக்கும்போது கை உணரும் பாரம் அது. பொருளும் அதைத் தாங்குவதும் ஒன்றாக விழும்போது தூக்குவதற்கு எதுவும் இல்லை, ஆகவே எடை இல்லை. அந்நிலையிலும் ஈர்ப்பு இருக்கிறது. பாடநூல் வரையறை எடையை நிறைக்கும் ஈர்ப்பு முடுக்கத்துக்குமான பெருக்கற்பலனாகக் கொள்கிறது. அதன்படி விண்வெளி நிலையத்தில் இருப்பவருக்கும் எடை உண்டு, அற்றுப்போவது தோற்ற எடை மட்டுமே என்பது உண்மை. ஆனால் எந்த வரையறையை எடுத்துக்கொண்டாலும் ‘ஈர்ப்பின்மை’ என்ற சொல்லுக்கு இடமில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையிலுள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு. அந்த ஈர்ப்பு இல்லையென்றால் நிலையம் நேர்கோட்டில் விலகிச் சென்றிருக்கும்.

தமிழ் பிரித்து வைத்திருந்ததை மொழிபெயர்ப்பு மீண்டும் குழப்பியிருக்கிறது. ‘பூஜ்ஜிய ஈர்ப்பு’, ‘ஈர்ப்பற்ற வெளி’ முதலான தொடர்கள் ஆங்கிலச் சொல்லின் பிழையைத் தமிழுக்குக் கடத்துகின்றன. ‘புவியீர்ப்பு’ என்ற சொல்லும் தன் பங்குக்கு, ஈர்ப்பு பூமிக்கு மட்டும் உரியது, பூமியை விட்டு அகன்றால் முடிந்துவிடும் என்ற எண்ணத்தை ஊட்டுகிறது. அன்றாட வழக்கில் ‘விழுதல்’ தரையில் முடியும் நிகழ்ச்சி என்பதால், தரையை எட்டாத வீழ்ச்சி முரணாகவே ஒலிக்கிறது.

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்தில் எடையின்மைக்கிடையே யோகப் பயிற்சிகள் செய்தபோதும், 2025இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்தபோதும், அவர்கள் பூமியின் ஈர்ப்பைத் தாண்டிச் சென்றுவிட்டதாக நம்பியோர் பலர். ககன்யான் விண்கலத்தில் இந்தியர் செல்லும் நாளில் இதே விளக்கங்கள் மீண்டும் எழுதப்படும். அவற்றைப் படிக்கும் மாணவர், எடை மறைந்தது ஈர்ப்பு மறைந்ததாலா, அல்லது ஈர்ப்புக்கு முழுமையாக உடன்பட்டு விழுவதாலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கான சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. ‘எடையின்மை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஈர்ப்பின்மை’ என்று எழுதாதிருந்தால், நானூறு ஆண்டுக் குழப்பத்தின் ஒரு பகுதியேனும் அடுத்த வகுப்பறைக்குச் செல்லாது நிற்கும்.